தந்தை இறந்த காரணம்: அல்சர்

ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலை ஒட்டிய மேசை அவளுடையது. அந்த ஜன்னல் திறக்காது. திறக்க வைக்கக் கோரும் விண்ணப்பம் ஆறு வருடமாகக் கீழ்த்தளத்தில் பரிசீலனையில் இருக்கிறது. புதிதாகப் பாலிசி எடுக்க வருகிறவர்கள் நிரப்பித் தரும் படிவங்கள் முதலில் அவள் கைக்குத்தான் வரும். படித்துப் பார்த்து, சந்தேகம் தட்டும் இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, ஓரத்தில் ஒரு கேள்வி எழுதி, மேலே அனுப்புவாள் அல்லது வந்த வழியே திருப்பிவிடுவாள். இருபது வருடமாக இதே வேலை. முகவர்கள் அவளுக்கு வைத்த பெயர் சிவப்புப் பேனா. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அப்புறம் முகத்துக்கு நேரே. இப்போதெல்லாம் தொலைபேசியை எடுத்தால் அவளே, "சிவப்புப் பேனா பேசறேன்" என்கிறாள்.

அவளுக்கு ஒரு கொள்கை உண்டு. மனிதர்கள் படிவத்தில் பெரிய பொய் எழுத மாட்டார்கள், அதற்குத் துணிச்சல் வேண்டும். பார்த்துப் பார்த்து ஒரு சின்னச் சொல்லாக எடுத்து எழுதுவார்கள். 'குடும்ப வரலாறு' என்ற பகுதியில் தந்தை இறந்த காரணம், தாய் இறந்த காரணம் என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. 'வயது மூப்பு' என்று எழுதியிருப்பார்கள். பக்கத்துக் கட்டத்தில் வயது ஐம்பத்திரண்டு. 'திடீரென்று' என்று ஒரு காரணம் வரும். 'மனக்கவலை' வரும். ஒருவர் 'கடவுள் சித்தம்' என்று எழுதியிருந்தார். அதற்கும் வட்டம் போட்டு, 'மருத்துவச் சான்று உண்டா?' என்று ஓரத்தில் கேட்டிருந்தாள்.

இவற்றில் அவள் தப்பவே விடாத சொல் அல்சர்.

"மேடம், அல்சர்தான் மேடம். நானே வீட்டுக்குப் போய் விசாரிச்சுட்டேன்" என்பார் முகவர்.

"நாப்பத்தஞ்சு வயசுல அல்சர்ல யாருய்யா சாகறா? ஆபரேஷன் நடந்துச்சா, எந்த ஆஸ்பத்திரி, கேட்டுக்கிட்டு வாங்க."

"அவங்க வீட்ல அப்படித்தான் சொல்லிக்கறாங்க மேடம்."

"சொல்லிக்கறதுக்கு நான் வட்டம் போடல. செத்ததுக்குப் போடறேன்."

இந்தச் சிவப்புப் பேனாவின் அப்பா நாற்பத்து நாலு வயதில் இறந்தார். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. காரணம், அல்சர்.

இருபது வருடம் ஊரார் அல்சரையெல்லாம் வட்டம் போட்டவள் இதை எப்படிக் கவனிக்காமல் விட்டாள் என்று கேட்கலாம். முட்டாள் என்று சொல்ல முடியாது. மற்றவர்கள் வீட்டு அல்சர் அவளுக்கு ஒரு சொல்லாக வந்து சேர்ந்தது. தன் வீட்டு அல்சர் கூடத்தில் கிடக்கும் நாற்காலி மாதிரி எப்போதும் அங்கேயே இருந்தது. கூடத்து நாற்காலிக்கு யாரும் சான்று கேட்பதில்லை.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் கூட்டி வந்ததும் கடைசியில் கொண்டு வந்ததும் அண்ணன். அவனுக்கு அப்போது இருபது. அம்மா அதற்கு முன்பே ஒரு சாலை விபத்தில் போய்விட்டாள். படிப்பை நிறுத்திவிட்டு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து தங்கையை வளர்த்தவன் அவன். "நேரத்துக்குச் சாப்பிடாம இருந்ததால வந்த அல்சர் பாப்பா" என்று அவளுக்குச் சொன்னான். சொன்னதோடு விடவில்லை. காலை எட்டு, மதியம் ஒன்று, மாலை ஏழு என்று தட்டோடு வந்து எதிரே நின்றான். அந்தப் பழக்கம் விடவில்லை. மதியம் ஒரு மணிக்கு மேலதிகாரியே எதிரில் நின்றாலும் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிடுவாள். முப்பது வருடமாக, தன் வீட்டில் யாருக்கும் வராத ஒரு நோயை, ஒரு வேளை தவறாமல் தடுத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணனே பார்த்து முடித்த கல்யாணம். மாப்பிள்ளை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்கிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் இருக்கும் தனக்கு ஒரு பிரேக் என்று இரண்டு பிரேக் வைத்த சின்ன வண்டியில் ஊரைச் சுற்றுவது தொழில். அவருடைய அம்மா நாற்பத்தொன்பது வயதில் போய்விட்டிருந்தார். அன்று இரு வீட்டாரும் உட்கார்ந்து பேசினார்கள். இறந்தவர்களைப் பற்றி மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார்கள்.

"வீட்டம்மா எப்படித் தவறினாங்க?" என்றான் அண்ணன்.

"உடம்புச் சூடு தம்பி. கர்ப்பப்பையை எடுத்துப் பார்த்தாங்க. சூடு அடங்கல" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"அடடா."

"உங்க அப்பா?"

"அல்சர்."

"அடடா."

இரண்டு அடடாக்களுக்குப் பிறகு பிஸ்கட் வந்தது. இரண்டு தரப்பும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். எதிராளி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லையே என்று இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் ஒரே மகிழ்ச்சி. அவ்வளவு பொருத்தமான சம்பந்தம் லேசில் அமையாது.

பிறந்தவை இரண்டும் பெண்கள். பெரியவளின் முதுகிலும் இடுப்பிலும் தொடையிலும் பால் கலந்த டீயின் நிறத்தில் மச்சங்கள் இருந்தன. காசளவு சில, உள்ளங்கை அளவு ஒன்று. மாமனாருக்கு அதில் பெரிய பெருமை. "இவ பொறந்த சேதி வந்தப்ப நான் டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன். சந்தோஷத்துல கை தவறிக் கொட்டிட்டேன். அதான் தெறிச்சிருக்கு" என்பார். சின்னவளுக்கு மச்சம் இல்லை. "ஏன் தாத்தா, நான் பொறந்தப்ப நீ டீயே குடிக்கலையா?" என்று அவள் அழுதிருக்கிறாள்.

பெரியவளுக்கு ஒன்பது வயது ஆனபோது அவளுடைய எழுத்து கோணியது. கோட்டின் மேல் நின்ற எழுத்துகள் ஒவ்வொன்றாக இடப்பக்கம் சாய்ந்தன. எழுத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிற அம்மாவுக்கு அது தப்பவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்து நாலு பக்கம் திரும்ப எழுத வைத்தாள். பிறகு காலையில் எழுந்ததும் வாந்தி. நடக்கும்போது சுவரை ஒட்டிப் போனாள். "என்னடா இது, வண்டி ஒரு பக்கமாவே இழுக்குது?" என்று அப்பா சிரித்துக்கொண்டே கேட்டார். கேட்ட அடுத்த நொடி அவர் சிரிப்பு நின்றுவிட்டது. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

மூளையில் கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எடுக்க முடியாத மிச்சத்துக்கு ஆறு வாரம் கதிர்வீச்சு, அதன் பிறகு மாதத்துக்கு ஐந்து நாள் மாத்திரை. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று ஒரு படிவம் கொடுத்தார்கள். குடும்பத்தில் வேறு யாருக்கேனும் புற்றுநோய்? இல்லை. தாய்வழித் தாத்தா இறந்த காரணம்? அல்சர். தந்தைவழிப் பாட்டி? கர்ப்பப்பைக் கோளாறு, சூடு. முத்து முத்தான கையெழுத்து. அவசரத்தில் இருந்த இளம் டாக்டர் ஒருவர் எதற்கும் வட்டம் போடாமல் கீழே கையெழுத்துப் போட்டார்.

ஐந்து மாத மாத்திரைக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் கட்டி திரும்ப வந்திருந்தது. வெறுமனே வந்திருந்தால் பரவாயில்லை, மாத்திரையைத் தின்றே வளர்ந்ததுபோல வளர்ந்திருந்தது. அப்போதுதான் அவர்களைப் பெரிய டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். கழுத்தில் கண்ணாடி தொங்கும், மெதுவாகப் பேசும் அம்மாள். ஸ்கேன் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"யாரும்மா உன் மேல டீயைக் கொட்டினது?"

"எங்க தாத்தா" என்றாள் பெரியவள்.

"நல்லாத்தான் கொட்டியிருக்கார்." ஒவ்வொன்றாக எண்ணினார். ஒன்பது. பிறகு நாற்காலியில் வந்து உட்கார்ந்து பழைய படிவத்தைப் புரட்டினார். "உங்க அப்பா எத்தனை வயசுல இறந்தாரும்மா?"

"நாப்பத்து நாலு."

"என்னவா?"

"அல்சர்."

டாக்டரம்மா மேசையில் கிடந்த நீலப் பேனாவை எடுத்து, படிவத்தில் அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

இருபது வருடத்தில் அவள் போட்ட வட்டங்கள் பல ஆயிரம் இருக்கும். ஒரு வட்டம் விழும்போது எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

டாக்டரம்மா சொன்னதன் சாரம் இது. உடம்பில் செல் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் தனக்குள் இருக்கும் நீளமான எழுத்தை ஒரு முறை பார்த்து எழுதிக்கொள்கிறது. எழுதும்போது தப்பு விழும். தப்பைக் கண்டுபிடித்துச் சரி செய்ய ஒரு ஏற்பாடு இருக்கிறது. அந்த ஏற்பாட்டை அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக வாங்கி வருகிறோம். ஒன்று கெட்டாலும் இன்னொன்று சமாளிக்கும். ஆனாலும் ஒன்று கெட்டவர்களுக்கு நாற்பது ஐம்பது வயதில் குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்றுநோய் வரலாம். இரண்டும் கெட்டுப் பிறந்த குழந்தைக்குச் சின்ன வயதிலேயே வரும், பெரும்பாலும் மூளையிலோ ரத்தத்திலோ குடலிலோ. தோலில் இந்த மாதிரி மச்சங்கள் இருக்கும்.

"எங்க வண்டில ரெண்டு பிரேக் இருக்கும்மா" என்றார் குழந்தையின் அப்பா. "ஒண்ணு போனாலும் நான் நிறுத்திடுவேன். நீங்க சொல்றது, ரெண்டும் போன வண்டி."

"அப்படித்தான் வச்சுக்குங்க."

"இத்தனை வருஷமா அதை நாங்க ரோட்டுல விட்டிருக்கோம்."

"அந்த மாத்திரை?" என்று அவள் கேட்டாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அந்த மாத்திரை செல்லுக்குள்ள வேணும்ன்னே தப்பு பண்ணும்மா. அதைச் சரி பண்ணப் போய், முடியாம, செல் செத்துப்போகும். அதான் வைத்தியம். இவளுக்குச் சரி பண்ற ஆளே இல்ல. செல் சாகல. தப்பு மட்டும் கூடிக்கிட்டே போச்சு. இன்னியிலிருந்து அது வேண்டாம்."

ஐந்து மாதம், ஐந்து ஐந்து நாள், குழந்தை குமட்டியபோது மூக்கைப் பிடித்து அவளே விழுங்க வைத்த மாத்திரை.

வேறு மருந்து இருந்தது. தப்பு குவிந்த கட்டியை உடம்பின் காவல்படை அந்நியனாக அடையாளம் காண முடியும். அந்தக் காவல்படையைக் கட்டிப்போட்டிருக்கும் கயிற்றை அவிழ்த்துவிடுகிற மருந்து. சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றுவது. எல்லாருக்கும் கேட்காது, இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கேட்க வாய்ப்பு உண்டு. ஆனால் இரண்டு பிரதியும் கெட்டதுதான் என்று உறுதியானால்தான் மருந்துக் குழு அனுமதி தரும். நாலு பேர் ரத்தத்தையும் எடுத்தார்கள்.

முடிவு வந்தது. சின்னவளுக்கு அப்பா வழிக் கோளாறு வரவில்லை, அவள் தப்பினாள். பெரியவளுக்கு அது இருந்தது, சந்தேகத்துக்கு இடமில்லாமல். அம்மா வழியில் வந்தது ஒரு மாற்றம் மட்டுமே. அது கெடுதலானதா, சும்மா இருப்பதா என்று பரிசோதனைக் கூடத்தால் சொல்ல முடியவில்லை. கட்டியையே சோதித்துப் பார்க்கலாம் என்றால், ஆபரேஷனில் எடுத்த சதையும் மிச்சம் இல்லை.

"உங்க வீட்டுல இதே மாற்றம் உள்ள யாருக்காவது கட்டி வந்து, அந்தக் கட்டியைப் பரிசோதிச்ச ரிப்போர்ட் இருந்தா போதும். அன்னிக்கே எழுதிக் குடுத்துடுவேன்" என்றார் டாக்டரம்மா. "அண்ணன் ஒருத்தர் இருக்காரே, அவருக்கு ஏதாவது?"

"அண்ணனுக்கு ஒண்ணும் இல்ல. மூணு வருஷம் முன்னாடி குடல்வால் ஆபரேஷன் நடந்துச்சு, அவ்வளவுதான்" என்று சொன்னாள். சொல்லிவிட்டு, ஆள்காட்டி விரலால் மேசைமேல் ஒரு சின்ன வட்டம் வரைந்தாள். அவள் வரைந்தது அவளுக்கே தெரியாது, கணவர்தான் பார்த்தார்.

வீட்டில் மாமனார் கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொண்டார். பேத்தியின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்.

"சூடு இல்லம்மா. புத்துநோய். அவளுக்கும், அவ அக்காவுக்கும். சொன்னா நீ கழுத்தை நீட்டியிருப்பியா?"

"மாட்டேன்" என்றாள்.

"அதான் சொல்லல."

நேர்மையாகக் கேட்ட கேள்வி, நேர்மையான பதில். அவரை அவளால் கோபிக்கக்கூட முடியவில்லை. மாமனாரிடம் ஏமாறுவது யாருக்கும் நடப்பது. அவள் கண்ணாடிக் கடைக்குப் போனாள்.

அண்ணன் அன்று வேலைக்குச் சேர்ந்த கடை இப்போது அவனுடைய சொந்தக் கடை. சுவர் முழுக்க ஆளில்லாத கண்ணாடிகள் வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். அவன் ஒரு பெரியவருக்குக் கண்ணாடியின் காது வளைவைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"வா பாப்பா. சாப்டியா?"

"மணி ஒண்ணாகல. அப்பா எதுல செத்தாரு?"

அண்ணன் பெரியவரின் காதை விட்டுவிட்டான். பெரியவர், "நான் அப்புறம் வரேன்" என்று கண்ணாடி இல்லாமலே எழுந்து போனார்.

"இப்ப எதுக்கு அது?"

"அண்ணா, டாக்டர் கேக்கறாங்க. அப்பா எதுல செத்தாரு?"

"குடல்ல... புத்துநோய்" என்றான். அந்தச் சொல்லை அவன் வாயில் அவள் கேட்பது அதுவே முதல் முறை. "நீ பன்னெண்டு வயசுப் புள்ள. உன்கிட்ட என்னன்னு சொல்றது? அல்சர்ன்னு வாயில வந்துச்சு."

"அப்ப பன்னெண்டு. இப்ப எனக்கு நாப்பத்து ரெண்டு. நடுவுல முப்பது வருஷம் உன் வாயில வேற ஒண்ணும் வரலையா?"

"சொன்னா நீ பயந்துக்கிட்டே இருந்திருப்பே."

"இப்ப?"

அவன் ஒரு துணியை எடுத்துச் சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்தான். அவள் பரிசோதனையைப் பற்றி, மருந்தைப் பற்றி, அம்மா வழியில் தெளிவாகாத அந்த ஒன்றைப் பற்றி எல்லாம் சொன்னாள். டாக்டர் எதைக் கேட்கிறார் என்றும் சொன்னாள். கடைசியில் கேட்டாள்: "உனக்கு நடந்தது குடல்வாலா?"

"குடல்வால்தான்."

"நிஜமா?"

"என்ன பாப்பா, உன் ஆபீஸ்ல கேக்கற மாதிரி கேக்கறே? குடல்வாலுக்குச் சான்று வேணுமா?"

"வேணும்."

"எங்க வச்சேனோ. மூணு வருஷம் ஆச்சு. இருந்தா தேடித் தரேன்." பிறகு, அதே குரலில், "போய்ச் சாப்பிடு, மணி ஆகுது" என்றான்.

அவள் அலுவலகம் திரும்பினாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. கணினியில் அண்ணனுடைய பாலிசியைத் தேடினாள். அவன் பாலிசி எடுத்ததே ஒரே ஒரு தடவை. நாற்பத்தேழு வயது வரைக்கும், "நீ இருக்கும்போது எனக்கு எதுக்கு பாலிசி?" என்று கேலி செய்துகொண்டிருந்தவன், ஒரு நாள் திடீரென்று அவள் கிளையிலேயே வந்து விண்ணப்பித்தான். பொறுப்பு வந்துவிட்டது என்று அவள் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். குடல்வால் ஆபரேஷன் அதற்கு ஐந்து வாரம் கழித்து நடந்திருக்கிறது.

படிவத்தின் படம் திரையில் வந்தது. தந்தை இறந்த காரணம்: அல்சர். பக்கத்தில் வயது நாற்பத்து நாலு. வட்டம் இல்லை. ஓரத்தில் கேள்வி இல்லை. சரிபார்த்தவர் என்ற இடத்தில் அவளுடைய சிவப்புக் கையெழுத்து.

இந்த இடத்தில் அவள் நிலைமை ஒரு விசித்திரம். கண்டுபிடித்ததை மேலதிகாரியிடம் சொல்வது அவள் கடமை. சொன்னால், சொந்த அண்ணன் படிவத்தைத் தானே சரிபார்த்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவளும் அல்சர்க் கட்சி. ஆனால் அன்று அவளுக்கு வேண்டியிருந்தது கடமை அல்ல, ஒரு காகிதம். அண்ணனுக்கு ஏழு தடவை தொலைபேசி செய்தாள். அவன் எடுக்கவில்லை. அண்ணி ஒரு தடவை எடுத்தாள். "அவரு குளிக்கறாரு" என்றாள். மதியம் மூன்று மணி.

நாலு நாள் ஓடியது. ஒவ்வொரு நாளும் பெரியவளின் இடது கை கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டே வந்தது. முதலில் பொத்தான், அப்புறம் டம்ளர்.

ஐந்தாம் நாள் காலை, ஆஸ்பத்திரியில் பெரியவளை ஸ்கேன் அறைக்குள் அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, அண்ணன் மகள் வந்தாள். இருபத்து நாலு வயது, குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறவள். பெரியவளுக்கு மிதக்கச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். வாரம் இரண்டு நாள், இரண்டு வருடம். வீட்டில் எல்லோரையும்விட அவளைத்தான் அத்தைக்குப் பிடிக்கும்.

"அத்தை, நான் வந்தது அப்பாவுக்குத் தெரியாது." பையிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினாள். "அப்பாவோடது. அவரு கிழிச்சுப் போட்டுட்டாரு. இது என்கிட்ட இருந்த நகல்."

அத்தை பிரித்தாள். தொழில் பழக்கம், முதலில் பெயர், தேதி, முத்திரை பார்த்தாள். பிறகு விஷயம். பெருங்குடலில் கட்டி. கட்டியைப் பரிசோதித்த அறிக்கை. அவள் வழி வந்த மாற்றம் என்று டாக்டரம்மா தாளில் எழுதிக்கொடுத்திருந்த அதே நீண்ட எண், அதே எழுத்துகள், நேருக்கு நேர். கூடவே இன்னொரு தாள். உடன்பிறந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் இந்தக் கடிதத்தைக் காட்டவும் என்று மேலே தடித்த எழுத்தில் இருந்தது. அவளுக்கு எழுதிய கடிதம் என்றே சொல்லலாம், முகவரி மட்டும்தான் இல்லை. தேதி, மூன்று வருடத்துக்கு முன்.

"உன்கிட்ட எப்படி நகல்?"

"ஆபரேஷன் அன்னிக்கு அப்பா கூட இருந்தது நான். கையெழுத்துப் போட்டதும் நான்தான் அத்தை."

"அப்ப மூணு வருஷமா உனக்குத் தெரியும்."

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. இல்லன்னு வந்துச்சு. அதோட... விஷயம் முடிஞ்சுதுன்னு நெனச்சோம்."

"யாருக்கு முடிஞ்சுது?"

அத்தை கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். கடைசிப் பத்தியில், பெற்றோர் இருவருக்கும் இக்கோளாறு இருந்தால் குழந்தைகளுக்கு இளம் வயதில் கட்டிகள் வரலாம், தோலில் வெளிர்பழுப்பு நிற மச்சங்கள் இருக்கலாம் என்று எழுதியிருந்தது. வாரம் இரண்டு நாள், நீச்சல் உடையில், இரண்டு வருடம்.

"இதை நீ படிச்சியா?"

"படிச்சேன் அத்தை. மச்சம் எல்லாருக்கும் இருக்கறதுதானேன்னு... மாமா வீட்லயும் இருக்கும்ன்னு நான் எப்படி..." அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். "நான் சொல்லலாம்ன்னுதான் சொன்னேன். அப்பாதான் உங்களைப் பார்த்துப் பயந்தாரு. ஆபரேஷன் வேணும்ன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் பாலிசி எடுத்தாரு. சொன்னா நீங்க வட்டம் போட்டுடுவீங்கன்னு."

"போட்டிருப்பேன்" என்றாள் அத்தை. "அதுக்குன்னு?"

எழுந்து டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். டாக்டரம்மா நின்றபடியே படித்தார்.

"இதுதான். வர்ற செவ்வாய்க்கிழமை ஆரம்பிச்சுடலாம். எங்க கிடைச்சது?"

"வீட்டுலதான் இருந்துச்சு" என்றாள். "மூணு வருஷம் முன்னாடி இதைக் கொண்டு வந்திருந்தா?"

"அப்ப அவளுக்கு ஆறு வயசு. வருஷத்துக்கு ரெண்டு தடவை ஸ்கேன் எடுத்திருப்போம். சின்னதா இருக்கும்போது பார்த்திருப்போம்." டாக்டரம்மா கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். "அந்த மாத்திரையை நிச்சயமாக் குடுத்திருக்க மாட்டோம். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்கம்மா. செவ்வாய்க்கிழமையைப் பார்ப்போம்."

"இது கேக்குமா?"

"கேட்டவங்க இருக்காங்க."

அவள் வெளியே வந்தபோது ஸ்கேன் முடிந்து பெரியவள் பெஞ்சில் இருந்தாள். நீச்சல் அக்காவின் மடியில் தலை, அவளுடைய விரல்களோடு தன் வலது கை விரல்களைக் கோத்துக்கொண்டிருந்தாள். மாதக் கணக்கில் அப்படி ஒரு சிரிப்பை அம்மா பார்த்ததில்லை.

"அம்மா, அக்கா வந்திருக்கா! நான் எப்ப நீச்சலுக்குப் போறது?"

அம்மாவும் சிரித்தாள். சிரித்த முகத்தை மாற்றாமல் அண்ணன் மகளின் காதருகே குனிந்து, குழந்தைக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "காகிதம் குடுத்தே, சரி. இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதே. உங்க அப்பாவையும் வர வேண்டாம்ன்னு சொல்லு. செவ்வாய்க்கிழமையும் வராதே, அதுக்கு அப்புறமும் வராதே."

அண்ணன் மகள் தலையை ஆட்டினாள்.

"அம்மா உன் காதுல என்ன சொன்னா?" என்று பெரியவள் நச்சரித்தாள். "சொல்லு அக்கா, என்ன சொன்னா?"

அவள் குழந்தையின் தலையில், தையல் போட்ட வடுவைத் தொடாமல், கையை வைத்தாள். "கை சரியானதும் நீச்சலுக்குப் போலாம்ன்னு சொன்னா."

"அப்படியாம்மா?"

அம்மாவின் வாய் திறந்தது. இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள்.

"ஆமா" என்றாள். குழந்தைக்குச் செருப்பை மாட்டிவிட்டு, இடது கையைப் பிடித்து, லிஃப்டை நோக்கி நடத்திக் கூட்டிப் போனாள்.